மாமாவின் கல்லுத்தூசி

எங்கள் அக்கா வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். பாரம் ஏற்றிய லாரியைச் சந்துக்குள்ளேகூட அசராமல் பின்னால் எடுப்பார். மழைக்கு மட்டும் பயம். தூறல் விழுந்தால் தலையில் துண்டு ஏறிவிடும். முன்முடியின் வேரில் வெள்ளை தெரிகிறதே என்று ஒருநாள் கேட்டேன். "கல்லுத்தூசி மஞ்சு, குளிச்சா போயிடும்" என்றார். நம்பினேன். என் புத்தி அவ்வளவுதான்.

அக்கா அம்சவள்ளிக்குப் பெண் பிறந்தது. கருகருவென்ற முடியில் நெற்றிக்கு மேலே மட்டும் ஒரு கொத்து வெள்ளை. கிரகணத்தன்று வாசலில் நின்று கீரை ஆய்ந்ததால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று அக்கா அழுதுகொண்டே இருந்தாள்.

பெரம்பலூர் தோல் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"கிரகணம் ஒண்ணும் பண்ணாதும்மா. நிறம் குடுக்கிற செல்லெல்லாம் கருவுலயே முதுகு ஓரத்துல உண்டாகி ஒடம்பு பூரா நடந்து போவும். நெத்தியும் வயிறும்தான் அதுக்குக் கடைசி ஸ்டாப்பு. மரபணுவுல சின்னக் கோளாறு இருந்தா அங்க போயே சேராது. அந்த எடத்துல தோலும் முடியும் வெள்ளையா நின்னுடும். ஆபத்து இல்ல. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தாலே வரலாம். உங்கள்ல யாருக்காவது இருக்கா?"

"இல்லவே இல்லைங்க" என்று மாமா முந்திக்கொண்டார்.

"அப்ப புதுசாவும் வரலாம்" என்றார் டாக்டர். அக்காவுக்கு அது போதவில்லை. மறுபடி கிரகணத்துக்கே போய்விட்டாள், சோறு இறங்கவில்லை. பிள்ளையின் முதல் மொட்டையன்று அப்பனும் மொட்டை போடுவார் என்று கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள்.

மாமா லோடு இருக்கிறது என்றார், சளி பிடிக்கும் என்றார். பெருமாளிடம் கொடுத்த வாக்கு, அக்கா விடுவாளா?

பிள்ளைக்கு முதலில் மழித்தார்கள். அடுத்து மாமா குனிந்து உட்கார்ந்தார். சாயம் பூசிய முடி மடியில் விழுந்தது. முடிக்குச் சாயம் பூசலாம், தோலுக்கு என்ன செய்வார்? பிள்ளைக்கு இருந்த அதே இடத்தில் பால்வெள்ளையாக ஒரு பட்டை.

"அப்பனும் பொண்ணும் ஒரே அச்சுங்க!" என்றார் மொட்டை அடித்தவர்.

"சொன்னா நீ கட்டிக்க மாட்டியோன்னு பயந்துட்டேன் அம்சா" என்றார் மாமா. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கத்தியைப் பிடுங்கியிருப்பேன்.

"என்னை எத்தனை நாளு அழ வுட்டீங்க!" என்ற அக்காவுக்குப் பாதியிலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சந்தனத்தைக் குழைத்துப் பிள்ளையின் மண்டையில் ஆசையாகப் பூசினாள். மாமாவும் தலையை நீட்டினார். நான் விடவில்லை.

"உங்களுக்கு எதுக்கு? கல்லுத்தூசிதானே, குளிச்சா போயிடும்."