தக்காளி ரின்னில் அமுக்கிய ஒலிவ் சக்கை

எங்கள் மானம் கப்பலேறியது இத்தாலியில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் ஒரு மொட்டைமாடியிலிருந்துதான். துறைமுகம் பக்கத்தில் இருந்தபடியால் அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் அப்பாவுக்கு நகரத்துக்கு வெளியே ஒலிவ் எண்ணெய் ஆலையில் வேலை. எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் கொட்டையும் தோலும் கலந்த சக்கையைச் சாக்குச் சாக்காகக் கொண்டு வந்தார். தக்காளி வந்த வெறும் தகர ரின்னுக்குள் அமுக்கி, கட்டி கட்டியாகத் தட்டிக் கவிழ்த்து, மாடி முழுக்கக் காயவைத்தார்.

"ஊரிலை பனங்கொட்டை ஊமல் எரியுமெண்டா இது எரியாதோ?" என்று அம்மாவிடம் கேட்டார்.

எரிந்தது. மூலையில் கிடந்த பழைய இரும்பு அடுப்பு வீட்டையே சூடாக்கியது. கூடவே புளித்த எண்ணெய் நாற்றம் என் ஜாக்கெட்டில் ஏறியது. வகுப்பில் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தினாள். ஐயோ, செத்துப் போகலாம் போலிருந்தது.

ஒருநாள் கீழ்வீட்டில் தனியாக இருந்த இத்தாலியக்காரி, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவ, மாடியில் உலரப்போட்ட தன் வெள்ளை விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கதவை இடித்தா. விரிப்பில் எண்ணெய்க் கறை. அவ கத்தியதையெல்லாம் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். ஒன்பது வயதில் அதுதான் என் உத்தியோகம்.

"நாறுதாம் அப்பா. வீட்டுக்காரனிட்டைச் சொல்லி எங்களை எழுப்பிப் போடுவாவாம்."

அம்மா விரிப்பை வாங்கித் தோய்த்துக் கொடுத்தா. அப்பா தலையைச் சொறிந்தபடி, "அவ ஏன் வீட்டுக்குள்ளையும் கோட் போட்டிருக்கிறா?" என்று மட்டும் கேட்டார். மனுசனுக்குக் கவலைப்பட வேறு விஷயமே கிடைக்கவில்லை என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அதற்குப் பிறகு மாடியில் கட்டிகள் குறையத் தொடங்கின. "ஆரோ களவெடுக்கினம் அப்பா!" என்று சந்தோஷமாகச் சொன்னேன். முழுக்கத் தொலைந்தால் தேங்காய் உடைப்பதாக நேர்த்தியும் வைத்தேன். அப்பாவோ முன்னையைவிடக் கூடச் செய்து, கீழே இறங்கும் படியோரமாக அடுக்கினார்.

"உங்களுக்கு வெக்கமே இல்லையோ?" என்று கத்தினேன்.

"மெல்லக் கதை பிள்ளை, கீழை கேட்கும்."

சில நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தால் வரும்போது படியில் சிஞ்ஞோரா எதிர்ப்பட்டா. ஏப்ரனை மடித்து எதையோ வயிற்றோடு அணைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினா. என்னைக் கண்டதும் முகம் சிவந்து போனது. "என்ன நாத்தம் இது!" என்று இத்தாலியனில் கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினா. நான் அழுதபடி மேலே ஓடினேன்.

வீட்டுக்காரன் கடைசிவரை வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க சிஞ்ஞோராவின் புகைக்குழாயிலிருந்தும் என் ஜாக்கெட்டின் நாற்றமே வந்தது. அந்தக் கட்டிடத்தில் வெட்கப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.