இரண்டு பாகமாக எழுதியவர்கள்

1961-இல் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரத் துறையில் டியூட்டராக இருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. பட்டம் பெற்றிருந்தேன், மேற்படிப்புக்குத் தனியாகப் படித்துக்கொண்டிருந்தேன். பொருளாதாரக் கொள்கைப் பாடத்தைப் பேராசிரியர் நடத்துவார். மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுப்பதும், விடைத்தாள் திருத்துவதும் என் வேலை. வேலையை ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். தினமும் நடந்ததை அன்றே எழுதிவைக்கும் வழக்கம் அப்போதே எனக்கு உண்டு. அதனால் இதில் ஞாபகத்தை நம்பி எழுதியது குறைவு.

பேராசிரியர் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர். ரெட்டியார்பாளையத்தில் வாடகை வீட்டில் இருந்தார். கெட்டிக்காரர். எந்தக் கேள்வி கேட்டாலும் பத்து பாயின்ட் சொல்லுவார். பத்துக்கும் நம்பர் உண்டு.

பல்கலைக்கழகத் தேர்வுக்கு முந்தைய கல்லூரிப் பரீட்சையில் அவர் கேட்ட பெரிய கேள்வி மதுவிலக்குக் கொள்கை பற்றியது. நாற்பது மதிப்பெண். சென்னை மாநிலத்தில் மதுவிலக்கு இருந்தது. எங்கள் ஊரில் இல்லை. எல்லையைத் தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களை அந்த மாணவர்கள் விழுப்புரம் பஸ்ஸில் தினமும் பார்ப்பவர்கள்.

நாற்பத்திரண்டு பேர் எழுதினார்கள். அதில் ஏழு பேர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள். நானும் அங்கே படித்தவன்தான். எந்தக் கட்டுரையையும் இரண்டு பாகமாக எழுத வேண்டும் என்பது அங்கே பாலபாடம். முதல் பாகத்தில் ஆதரவு, இரண்டாம் பாகத்தில் மறுப்பு, கடைசிப் பத்தியில் முடிவு. நம்பர் போட்டு எழுதினால் மளிகைச் சீட்டா என்று கேட்டுத் தாளைத் திருப்பி எறிவார்கள். ஏழு பேரும் கற்றபடியே எழுதியிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு இருபதிலிருந்து இருபத்து நான்கு வரை போட்டேன். ஏழு பேரும் தேறினார்கள்.

மறுநாள் பேராசிரியர் கூப்பிட்டார். ஏழு தாள்களும் மேசைமேல் தனியாக இருந்தன.

"என்னய்யா இது? முதல் பக்கத்துல மதுவிலக்கு நல்லதுங்கறான், மூணாம் பக்கத்துல ஆகாதுங்கறான். நடுவுல எழுந்துபோய்க் குடிச்சுட்டு வந்தானா?"

"இல்ல சார். ரெண்டு பக்கமும் பார்த்துட்டுக் கடைசியில முடிவு சொல்றான். நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துல அப்படித்தான்."

"பாயின்ட் எங்கய்யா? நான் பத்து கொடுத்தேனே! சாராயக் கடைக்கு இந்த ஊர்ல இத்தனை வக்கீல் இருக்கறது எனக்குத் தெரியாமப்போச்சு."

ஏழு தாளிலும் என் எண்ணை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் ஒன்பது என்று எழுதினார். ஒன்பது வந்தால் ஏழு பேரும் தேற மாட்டார்கள். தேறாதவர்களைப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு அனுப்ப மாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும். ஆனால் திருத்திய எண் செல்லுபடியாக வேண்டுமானால், முதலில் திருத்தியவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது நான்.

"போடமாட்டேன் சார்."

"யோசிச்சுச் சொல்லு. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு" என்றார். அன்று செவ்வாய்.

தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய் ஏழையும் மறுபடி வரிவரியாகப் படித்தேன். பிடிவாதத்துக்காக நான் மறுக்கவில்லை என்பது முதலில் எனக்கு உறுதிப்பட வேண்டியிருந்தது. ஒரு தாளில் கூட்டலில் ஒன்று அதிகம் போட்டிருந்தேன். அதைக் குறைத்துப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். மற்றவற்றில் மாற்ற ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை மாலை, விஷயம் எப்படியோ தெரிந்து, ஏழு பேரில் இருவர் என் வீட்டு வாசலில் நின்றார்கள். ஒருவன் குருசுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. இன்னொருவன் துணிக்கடைக்காரர் மகன், முஸ்லிம் குடும்பம். எங்கள் பள்ளிப் பழக்கத்தில், சார் என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசியே என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

"முசியே, நம்பர்தான வேணும் அவருக்கு? தாளக் குடுங்க, போட்டுடறோம். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வேணும், ஆறுலேர்ந்து பத்து வேணாம். முடிஞ்சுபோச்சு" என்றான் குருசுக்குப்பத்தான்.

சிரிப்பு வந்தது. "எழுதிக் கொடுத்த தாள்ல இனிமே யாரும் கைவைக்க முடியாது" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "அப்ப கையெழுத்தப் போட்டுடுங்க. எங்களால உங்க வேல போவக் கூடாது. நாங்க அடுத்த வருஷம் எழுதிக்கறோம்."

"நீ எழுதுவ! எங்க அத்தா அடுத்த வருஷம்லாம் வெச்சிருக்க மாட்டாரு. துணி கிழிக்க ஒக்கார வெச்சுடுவாரு" என்றான் மற்றவன்.

"தியாகம் பண்ண வந்தவன் வாயையே மூடிட்டானே" என்று குருசுக்குப்பத்தான் முணுமுணுத்தான். வழியில் சண்டை போடாமல் போகச்சொல்லி இருவரையும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தாள்களைப் பேராசிரியர் மேசையில் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்து நான் குறைத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்தமாட்டேன்னே, இங்க மாத்தியிருக்கியே!"

"அது என் தப்பு சார், மாத்தினேன். மத்தது தப்பில்ல."

அவர் தாள்களை அள்ளிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள். முதல்வர் இரண்டு தாள்களை முழுக்கப் படித்தார். யார் பக்கமும் பேசவில்லை. பேராசிரியரிடம், "இவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்றால் வேறு வழி ஒன்றுதான். திருத்தியவர் என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். அப்படியானால் நாற்பத்திரண்டு தாளையும் நீங்களே திருத்த வேண்டும். நாலு மணிக்குப் பட்டியல் போக வேண்டும்" என்றார்.

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். வேலை அவருக்குப் பெரிதில்லை, நூற்றுக்கணக்கில் தாள் திருத்திப் பழகியவர். ஏழு வீட்டுக்காரர்களும் ரெட்டியார்பாளையத்து வாசலில் வந்து நிற்கும்போது அடியில் அவர் பெயர் மட்டும் இருக்குமே, அதைத்தான் நினைத்தார் என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். அது என் ஊகம். சிவப்பு எண்களை ஒவ்வொன்றாக அடித்தார். மேற்பார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது என்னைப் பார்க்காமல், "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு திமிரா?" என்றார்.

"அதுக்குத்தான் சார்" என்றேன்.

ஜூன் மாதம் என் வேலை புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எழுதித் தரும்படி மூன்று முறை மனுக் கொடுத்தேன். மூன்றுக்கும் நகல் என்னிடம் இருக்கிறது. பதில் ஒன்றுக்கும் இல்லை. ஓராண்டு மூலக்குளத்துக்குச் சைக்கிளில் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

பல்கலைக்கழகத் தேர்வில் அந்த ஏழு பேரில் ஐந்து பேர் தேறினார்கள். துணிக்கடைக்காரர் மகனும் இன்னொருவனும் தவறினார்கள். ஆனால் அவர்கள் பரீட்சை எழுதித்தான் தவறினார்கள்.