ஏணி வந்தது, மகேஸ்வரி வரவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை, கட்டுகஸ்தோட்டை வீட்டில் பாணுக்குச் சம்பல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் அடித்தது. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்வம்.

செல்வத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு வாரத்துக்கு முன் இதே பத்தியில் 'ஹேவாஹெட்ட ஹெர்குலிஸ்' என்று நான் தூக்கிவைத்து எழுதினேனே, அவர்தான். தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்து மரத்தில் கூடு கட்டியிருந்த குளவிகளைத் தனி ஆளாக மரமேறி ஒழித்தவர். அதற்காகக் கோயில் முன்றலில் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தியது யார்? அடியேன். அதோடு விடாமல், கிரேக்கத்துப் புராணத்தில் ஹெர்குலிஸ் பல தலைப் பாம்பைக் கொன்ற கதையையும் இழுத்துவந்து சேர்த்தேன். ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்கும் பாம்பு. ஒரு குளவியை அடித்தால் ஒன்பது வருகிறதே... பொருத்தம் பிரமாதம் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

"சார், நீங்க எழுதுனதால ஒரு சிக்கலாப் போச்சு" என்றார் செல்வம்.

இப்போது பிள்ளை மடுவத்துக்கு மேலே, பலா மரத்தில் இன்னொரு கூடு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. நான்கு நாளாகப் பூட்டு. குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள்.

"அப்ப ஏறவேண்டியதுதானே?"

"அண்ணி வராம ஏற மாட்டேன் சார். அவங்க வர மாட்டேங்கிறாங்க."

அண்ணியா? எந்த அண்ணி?

கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. செல்வம் மேலே கூட்டை அறுக்கும்போது, கீழே ஏணியில் நின்று, மூங்கில் கம்பில் கட்டிய தீப்பந்தத்தைக் கூட்டுக்கு நேராகப் பிடித்துப் புகை போட்டவர் அவருடைய அண்ணி, மகேஸ்வரி. பந்தம் ஒரு சாண் விலகினால் மேலே இருப்பவர் காலி. குளவிகள் கையிலும் கழுத்திலும் கொட்டியும் அவர் அசையவில்லை. அவருக்குப் பதிலாக இந்த வாரம் இரண்டு ஆண்கள் பிடித்துப் பார்த்தார்களாம். முதல் குளவி வந்ததுமே பந்தத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

"இத விழா அன்னைக்கே மேடையில சொல்லியிருக்கலாமே செல்வம்!"

"மைக்கக் குடுத்தா எனக்கு எல்லாம் மறந்துரும் சார்..."

அவரை எதற்குக் குறை சொல்ல வேண்டும்? விழாவில் வீங்கிய கையோடு ஒரு பெண் எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். "கையில என்னம்மா?" என்று கேட்டேன். "குளவிங்க" என்றார். நான் என்ன செய்தேன்? சீனி போதுமா என்று பார்த்துக் குடித்தேன். அவர்தான் மகேஸ்வரி. இத்தனை வருடம் பத்தி எழுதுகிற லட்சணம் இது. வெட்கமாக இருக்கிறது.

போனை வைத்ததும் மனைவியிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணம். கண்டியில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க, உரோம நாகரிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

"நீங்கள் ஹெர்குலிஸ் கதையையே அரைவாசிதானே எழுதினனீங்கள்" என்றார் நிதானமாக. "அவன் தனிய நிண்டு அந்தப் பாம்பைக் கொல்லேல்லை. வெட்ட வெட்ட, இயோலவுஸ் எண்டவன் பந்தத்தாலை கழுத்தைச் சுட்டுச் சுட்டுக் கருக்கினவன். அதாலைதான் திரும்ப முளைக்கேல்லை. அவன் ஹெர்குலிஸின்ரை சகோதரன்ரை மகன், தேரோட்டி."

"ஏன் அப்பவே சொல்லல்ல?"

"நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?"

புதன்கிழமை பஸ் பிடித்துப் போனேன். தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் மகேஸ்வரி விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கதிரை எடுத்துவந்து போட்டார். அந்த மரியாதை குறையவில்லை. அதுவே எனக்குச் சுட்டது.

"நீங்க எழுதுனத எம்மக வாசிச்சுக் காட்டுச்சுங்க" என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு. இந்தா வருவேன், இந்தா வருவேன்னு கடைசி வரைக்கும் கேட்டேன். மரம் வந்துச்சு. ஏணி வந்துச்சு. நான் வரல்ல."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் இயோலவுஸ் கதையையும் சொன்னேன். வேலை முடிந்த பிறகு, உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டதால் இதைச் சாதனையில் சேர்க்க முடியாது என்று ஹெர்குலிஸுக்கு அந்த வேலையைக் கொடுத்த ராஜா சொல்லிவிட்டதையும் சொன்னேன்.

விறகைக் கீழே வைத்தார்.

"அந்த ராசா கெடக்குறாரு. பாம்பு செத்துச்சா இல்லையா?"

"செத்தது."

"அது போதும். பிள்ளைங்க எத்தன நாளைக்குத்தான் வெயில்ல கெடக்குறது? அந்திக்கு ஏறுவோம்னு செல்வத்துக்கிட்ட சொல்லுங்க." ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் வாங்க. தண்ணி வாளி தூக்க ஆளில்ல."

நானா? நுளம்புக்கே வலை கட்டிப் படுக்கிற ஆள் நான். ஆனால் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாலை ஆறு மணி. தலையோடு சாக்கைப் போர்த்திக்கொண்டு செல்வம் மரத்தில். ஏணியில் மகேஸ்வரி. பந்தம் அணையாமல் புகைந்துகொண்டிருந்தது. பொறி விழுந்தால் அணைக்க, ஏணியடியில் வாளியோடு நான். கிளை முறியும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ரீங்காரம்... என் காதோரமாக ஒன்று. ஒன்றே ஒன்றுதான் வாசகர்களே! அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

கூடு எரிந்து முடிந்தது. மகேஸ்வரிக்கு இந்தத் தடவை இரண்டே கொட்டு. மறுநாள் காலையில் மடுவம் திறந்துவிட்டது என்று செல்வம் போன் பண்ணினார். பின்னாலேயே மகேஸ்வரியின் குரல்:

"சார், இந்தத் தடவ எல்லாரையும் போட்டு எழுதுங்க. வாளி தூக்குனவர மட்டும் விட்டுருங்க. பாவம், ஓடுனதையும் எழுத வேண்டி வரும்."

இனி யாரையும் விடுவதாக இல்லை. பந்தம் பிடித்தவர்: மகேஸ்வரி. மரம் ஏறியவர்: செல்வம். வாளியைப் போட்டுவிட்டு ஓடியவர்... இந்தப் பத்திக்கு மேலே சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அந்தப் படத்தில் இருப்பவர்தான்.