முதல் வரிக்காரர்

மனு கிடைத்த முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. மயிலாப்பூரில் எங்கள் குடிநீரில் சாக்கடை கலப்பதைப் பற்றி, அந்த விதியைச் சொல்லித் தொடங்கும் ஆங்கில மனுக்கள் மூன்றைக் குடிநீர் வாரியத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

நந்தனத்தில் வாரிய அலுவலக வாசலில் மனு தட்டச்சு செய்பவர், மீசைக்கு மட்டும் சாயம் பூசியவர். முதல் வரிக்கு முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆளை அளப்பார். என் மனுவைப் படித்துச் சிரித்தார்.

"இன்னா சார், ரூல்ல ஆரம்பிச்சா ஆபீசர் கடுப்பாயிடுவாரு. 'ஆஸ் டிஸ்கஸ்ட் இன் பர்சன்', நேர்ல பேசினபடின்னு ஆரம்பி."

"நான் அவர்கிட்ட பேசவே இல்லையே!"

"அது அவருக்கு மட்டும் ஞாபகமா கீது? தெனம் நூறு பேரு வராங்க."

முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த எனக்குக் கூசியது. ஆனாலும் அவர் அடித்துக் கொடுத்த மனுவில் கையெழுத்திட்டேன்.

நேரில் பேசியபோது நான் காட்டிய பொறுமைக்கு நன்றி கூறி, குழாயை மாற்ற ஆணையிட்ட பதில் ஜூன் ஒன்பதாம் தேதி வந்தது.