பூஜை வைத்த நாளில் மியூசியம்

எங்கள் திருவனந்தபுரத்தில் நவராத்திரி அஷ்டமியன்று புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஓரெழுத்து வாசிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கோ ஏழு வயதில் அது பெரும் பயமாக இருந்தது. வாசிக்கத் தெரிந்த கண்ணை எங்கே கொண்டு வைப்பது? பஸ்ஸைப் பார்த்தால் போர்டு, பிஸ்கட்டைப் பிரித்தால் கவர், அம்மாவின் மொபைலில்கூட எழுத்து.

அந்த வருஷம் பயம் இரட்டிப்பு. மூன்று வயதாகியும் பேசாத தம்பிக்கு விஜயதசமியன்று தங்க மோதிரத்தால் நாக்கில் எழுத்து எழுதப்போகிறார்கள். எழுதினால் பேசிவிடுவான் என்று வீடே நம்பியது. நான் எதையாவது வாசித்து சரஸ்வதியைக் கோபப்படுத்திவிட்டால்?

நவமியன்று காலையில் அப்பாவும் அம்மாவும் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சளிக்கு மருந்து வாங்க என்று எனக்குச் சொன்னார்கள். சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்த மாமாவுக்கு அன்று தராசும் பூஜையில் இருந்ததால் வேலை இல்லை. என்னை மியூசியத்துக்குக் கூட்டிப் போனார்.

உள்ளே நுழைந்தால், ஒவ்வொரு சிலைக்கும் காலடியில் ஓர் அட்டை! மலையாளம் எனக்குத் தடையில்லாமல் வாசிக்க வரும், பள்ளிக்கூடம் செய்த பாவம். கண்ணைக் கீழே இறக்காமல் சிலைகளின் முகத்தை மட்டும் பார்த்து நடந்தேன். மங்கிய வெளிச்சத்தில் அவையெல்லாம் என்னையே பார்த்தன.

வீணையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். யாரென்று அறியும் ஆசையில் கண் தானாக இறங்கிவிட்டது. வாயும் சும்மா இருக்கவில்லை.

"சரஸ்வதி!"

"ஐயோ, போச்சு!" மாமா தலையில் கைவைத்தார். "அவ முன்னால வச்சே வாசிச்சிட்டியே மக்கா! தம்பிக்கு நாளைக்கு எழுத்து வந்தது போலத்தான்!"

அவருக்கு விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார், அது கையிலேயே உருகி வழிந்தது. தம்பி இனி பேசவே மாட்டான், கெடுத்தது நான்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அவர்கள் வந்திருந்தார்கள். அம்மா தம்பியை மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா, பூஜையில் வைத்த புத்தகங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்து ஒரு தாளை வாசித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, இன்னைக்கு வாசிக்கப்பிடாது!"

"ஆமா மக்கா" என்றார். தாளை மடிக்கவில்லை.

மாமா அதை வாங்கினார். காலையிலிருந்து என்னைப் பயம்காட்டிய மனுஷன், அவரும் வாசித்தார். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "மாமா சும்மா சொன்னதாக்கும், கேட்டியா?" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெரியவர்களே தாள் தாளாக வாசிக்கும்போது என் ஒரு சொல் எந்த மூலைக்கு? தம்பி பேசாவிட்டாலும் பழி என் ஒருத்தி தலையில் விழாது. அன்றைக்கு நான் மட்டும்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அது தம்பியின் காதைச் சோதித்த தாள் என்பதும், பிறந்ததிலிருந்து எங்கள் யார் குரலும் அவனுக்குக் கேட்டதில்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.