மூன்றாம் வரிசைக்குப் பெயின்ட் வரவில்லை

அந்த வாரம் நடந்தவை:

1. ஆயுத பூஜைக்காக எங்கள் கம்பெனியில் மெஷின்களைக் கழுவிப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். திங்கள் முதல் வரிசை, செவ்வாய் இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசைக்கு யாரும் வரவில்லை; பெயின்ட் தீர்ந்துவிட்டது என்றார்கள்.
2. புதிதாக வந்திருந்த மேலாளர், மூன்றாம் வரிசை மெஷின்களின் நீளம், அகலம், எடையை என்னிடம் எழுதி வாங்கினார். இன்சூரன்ஸுக்கு என்றார்.
3. வியாழக்கிழமை என்னை அறைக்குக் கூப்பிட்டு, "எந்த மாற்றமும் இல்லைன்னு உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. மூன்றாம் வரிசைக்கு நான் பொறுப்பு. ஆறு மெஷின், ஏழு பேர். நாங்கள் செய்தது பெட்ரோல் இன்ஜினுக்கான பாகம். இனி எல்லாம் பேட்டரி வண்டிதான் என்ற பேச்சு கேன்டீன் வரை வந்துவிட்டிருந்தது.

இன்சூரன்ஸுக்கு மெஷினின் விலையும் வயதும் போதும். எடை எதற்கு? எடையைக் கேட்பவர் கிரேன்காரர். பெயின்ட் தீர்ந்துவிட்டதாகச் சொன்னார்களே என்று ஸ்டோரில் போய்ப் பார்த்தேன். பிரிக்காத பச்சை டப்பாக்கள் நான்கு இருந்தன.

அதனால்தான் மேலாளரிடம் கேட்டேன். "மாற்றம் இல்லைங்கிறதை ஒரு மெயில்ல போட்டுடுங்க சார். அதையே காட்டிடறேன்."

"லீடர்னா நம்பிக்கை குடுக்கணும்மா. பேப்பர் கேக்கக் கூடாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

டீ நேரத்தில் இரண்டாம் மெஷின்காரர் வந்தார். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருபவர். அந்த ஒரே மெஷினில் பதினாறு வருடம்.

"இன்னாமா, நம்ம லைனு ஜொரத்துல கீதா? குளிப்பாட்டாம வுட்டுட்டாங்க?"

"மாற்றம் எதுவும் இல்லைன்னு சார் சொல்றாருண்ணா."

"அவரு சொல்றது இருக்கட்டும். நீ இன்னா சொல்றே? வேற கம்பெனில கூப்ட்டுகினு கீறாங்க. சனிக்கெயமக்குள்ள பதில் சொல்லணும். போவட்டா, இருக்கட்டா?"

இருங்கள் என்று சொல்லி, மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், அந்த வயதில் அவரை யார் எடுப்பார்கள்? போங்கள் என்று சொல்லி, என் சந்தேகம் பொய்யானால், வரிசையின் நல்ல கையை நானே வெட்டியதாகும். இரண்டையும் சொல்லவில்லை.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேண்ணா. பெயின்ட் ஸ்டோர்ல இருக்கு. மெயில் கேட்டேன், தரலை. நம்ம மெஷினோட எடையை எழுதி வாங்கியிருக்காங்க. இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"எடையா? பழைய பிரஸ்ஸு மெஷினைத் தூக்கினு போனாங்களே, அதுக்கும் மொதல்ல எடைதாம்மா கேட்டாங்க."

பூஜையன்று அவரே பழைய பெயின்ட்டின் மேல் சந்தனம் தடவி, ஆறு மெஷினுக்கும் பொட்டு வைத்தார். யாரும் தடுக்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இன்றைய நிலை இது. அவர் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ஐந்து மெஷின் ஓடுகிறது, இரண்டாவது நிற்கிறது. இன்சூரன்ஸ்காரரும் வரவில்லை, கிரேனும் வரவில்லை. அவர் ஏன் போனார் என்று மேலாளர் கேட்டார். நீங்கள் எடை கேட்டதை அவரிடம் நான்தான் சொன்னேன் என்றேன். மேலாளர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பச்சை டப்பா நான்கும் இன்னும் ஸ்டோரில் இருக்கின்றன.