வைத்துக்கொள்வோம்

மாத்தளையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையியல் என்னும் தர்க்கப் பாடம் படிப்பிக்கிறவர் முனவ்வரா டீச்சர். கணக்குக்குப் பயந்து கலைப்பிரிவுக்கு ஓடிவந்த பிள்ளைகள், இங்கேயும் குறியீடும் நிறுவலும் முளைத்து நிற்பதைக் கண்டு திருதிருவென்று விழிக்கும். நேரல் பெறுகை என்ற நிறுவல் முறை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "நிறுவ வேண்டியது பொய்னு வச்சிக்கொள்ளுவோம். அப்பிடியே போனா ஒரு எடத்துல முரண்பாடு வரும். வந்ததும், வச்சிக்கொண்டத தூக்கி வீசுங்க. வச்சிக்கொள்றதும் நம்புறதும் வேற வேற, புள்ளைகளே" என்பார்.

போன மழைக்கு ரிவர்ஸ்டன் பக்கம் மலை சரிந்தது. ஏலக்காய் வாங்கப் போன அவருடைய கணவர் அம்ஹர் திரும்பவில்லை. லொறி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. இருக்கிறாரா, இல்லையா? இரண்டில் ஒன்றுதான், நடுவில் மூன்றாவது கிடையாது என்று வருஷக்கணக்காகப் படிப்பித்த வாய், வந்தவர்கள் கேட்டபோது அடைத்துப்போனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்ஹரின் மூத்த சகோதரர் றம்ஸீன் மட்டும் எதுவும் கேட்காமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். பெயர் தெரியாமல் கிடக்கிற நோயாளிகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவார். தம்பியின் படத்தை பேஸ்புக்கிலும் போட்டார்.

மாமி, அம்ஹரின் உம்மா, சோற்றைத் தொடுவதை விட்டுவிட்டார். ஒருநாள் றம்ஸீன் தலையைக் குனிந்துகொண்டு வந்து, "பள்ளியில காயிப் ஜனாஸா தொழுவம் புள்ள" என்றார். இறந்தவரின் உடல் இல்லாமலே தொழும் ஜனாஸாத் தொழுகை அது. "உம்மாட மனசாவது ஆறும். ஒங்கட வாயால ஒரு சொல்லு சொல்லுங்க."

முனவ்வரா உள்ளே சுருண்டு கிடந்த மாமியை எட்டிப் பார்த்தார்.

"சரி மச்சான். மௌத்தாகிட்டார்னு வச்சிக்கொள்ளுவோம்."

வகுப்பில் சொல்கிற அதே பொருளில்தான் சொன்னார். என்றைக்காவது அம்ஹர் வந்து நின்றால், வைத்துக்கொண்டதைத் தூக்கி வீசிவிடலாம் என்ற நினைப்பு. பாவம், துக்கம் வந்தால் புத்திசாலியை அவளுடைய புத்தியே முதலில் ஏய்க்கும்.

ஊருக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? ஜும்ஆவுக்குப் பிறகு தொழுதார்கள். மாமி அழுது ஓய்ந்து, கஞ்சி குடித்தார். பேஸ்புக்கில் 'காணவில்லை' இருந்த இடத்தில், மரணச் செய்திக்குச் சொல்லும் 'இன்னாலில்லாஹி' ஏறியது. முனவ்வராவை இத்தாவில் இருத்தினார்கள். கணவனை இழந்தவள் வாசல் தாண்டாமல் இருக்கவேண்டிய காலம்.

அடுத்த கிழமை முனவ்வரா கதவுக்குப் பின்னால் நின்று றம்ஸீனிடம் கேட்டார். "இந்தக் கிழம ஆஸ்பத்திரிக்குப் போகல்லையா மச்சான்?"

"இனி எதுக்குப் புள்ள? தொழுதாச்சே."

முனவ்வராவுக்கு அப்போதுதான் விளங்கியது. முரண்பாடு தானாக வீடு தேடி வராது, யாராவது போய்த் தேடவேண்டும். இனி அம்ஹரைத் தேட டீச்சர் ஒருவர்தான் மிச்சம். அவரோ இத்தாவில்.